ஊர் சொல்லி, பேர் சொல்லி

பாட்டு முடிந்து கடைசித் தாளம் அடங்கியதும் அவர் மூன்று விஷயம் சொல்வார்: பாடினவர் பெயர், ஊர், எந்த வேலையில் இருக்கும்போது பாடுவார் என்பது. பாட்டு தொடங்கும் முன்பும் அதே மூன்றும் வரும். அரைமணி நேர நிகழ்ச்சியில் ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படி இரண்டு தரம். ஒருதரம் சொன்னால் போதாதா, இன்னொரு பாட்டுக்கு இடம் கிடைக்குமே என்று நிலையத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. போதாது என்பார். கை வேலையாய் இருக்கிறவர்கள் நிகழ்ச்சிக்கு நடுவில்தான் ரேடியோவைத் திருப்புகிறார்கள். முன்னால் சொன்னதைத் தவறவிட்டவருக்குப் பின்னாலாவது கிடைக்க வேண்டும்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் அவரை ‘ரேடியோக்காரம்மா’ என்று அழைக்கிறார்கள். சமுதாய வானொலி ஒன்றில் நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர். இளம்வயதில் சினிமாப் பாட்டு, நடுவயதில் கூத்து, ஒப்பாரி, பறை, கானா என்று அவருடைய காது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது பழையது எது, புதியது எது என்று பிரிக்கிற எண்ணமே அவரிடம் இல்லை. ஒரே அரைமணி நேரத்தில் மதுராந்தகம் பக்கத்து நடவுப் பாட்டும் வடசென்னைக் கானாவும் அடுத்தடுத்து வரும்.

சமுதாய வானொலிக்கு வருமுன் சென்னையில் ஒரு தனியார் பண்பலையில் வேலை பார்த்தார். அங்கே கிராமியப் பாட்டுக்குப் பொங்கல் சமயத்தில் மட்டும்தான் இடம். கணினியில் அந்தப் பாட்டுகள் கிடந்த கோப்பைத் திறந்தால் ‘கும்மி ஒன்று’, ‘கும்மி இரண்டு’, ‘தாலாட்டு லேடி வாய்ஸ்’ என்று வரிசையாக இருக்கும். பாடியது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘பாரம்பரியம்’ என்று அடித்து வைத்திருந்தார்கள். அந்த ‘லேடி வாய்ஸ்’ அருமையான குரல். பாட்டு நடுவில் ஓரிடத்தில் அந்த அம்மாள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அப்படிப் பாடிய ஒருவரைப் பெயரில்லாமல் ஒலிபரப்புவது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சம்பளம் குறைவு என்று தெரிந்தேதான் சமுதாய வானொலிக்கு வந்தார்.

இந்தச் சின்ன நிலையங்கள் நம் நாட்டில் முளைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. வானலைகள் மக்களின் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4இல் தொடங்கிய அண்ணா பண்பலைதான் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகத்தில் முத்துச்சரம் இருக்கிறது. தெற்கே பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை தொடங்கியது. ஒலிபரப்புத் திறன் 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கேட்கிற தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். வழியில் குன்றோ உயரமான கட்டடமோ இருந்தால் அதுவும் குறையும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்ற விதியும் உண்டு. பல நிலையங்களுக்குச் சுமையாகத் தெரியும் இந்த விதிதான் ரேடியோக்காரம்மாவுக்குப் பெரிய பலம். மேலதிகாரி யாரும் ‘இந்தப் பாட்டி பாடுவதை யார் கேட்பார்கள்’ என்று கேட்க முடியாது. கேட்கிறவரின் வீடு பாட்டியின் தெருவிலேயே இருக்கிறது.

பாட்டுகளைத் தேடத் தொடங்கியபோது அவர் முதலில் போனது புத்தகங்களிடம்தான். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் தஞ்சை சரஸ்வதி மகால் வழியாக ‘மலையருவி’ வந்தது. பின்னர் செ.அன்னகாமுவின் ‘ஏட்டில் எழுதாக் கவிதைகள்’ வந்தது. நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964. வானமாமலையின் தொகுப்பில் பாட்டுக்கு அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் அச்சாகியிருக்கும். அந்தக் காலத்தில் அது பெரிய நேர்மை. எஸ்.எஸ்.போத்தையா போன்ற எளிய சேகரிப்பாளர்களின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிவது அதனால்தான். ஆனால் பாடிய பெண்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. சொற்கள் கிடைத்தன, குரல் கிடைக்கவில்லை. மெட்டு, இழுவை, நிறுத்தம், பின்பாட்டுக்காரி நுழையும் இடம் எதையும் அச்செழுத்து பிடித்துவைக்கவில்லை. அந்தப் புத்தகங்களைப் படித்து முடித்தவருக்கு, ஒலிப்பதிவுக் கருவி கையில் இருக்கும் தன் தலைமுறைக்கு என்ன வேலை பாக்கி என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது.

வானொலி அந்த வேலையைச் செய்ததே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. வயல்காட்டிலிருந்து நேராக மைக் முன்னால் வந்தவர்கள் பிறகு அங்கே பாடினார்கள். சிவகங்கைச் சீமையில் வயல்வேலை செய்தபடி பாடிக்கொண்டிருந்த கொல்லங்குடி கருப்பாயி அகில இந்திய வானொலி வழியாகத்தான் ஊருக்கு வெளியே அறியப்பட்டார். 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்தது அதற்குப் பிறகு. 2025 ஜூனில் 99 வயதில் அவர் காலமானபோது ரேடியோக்காரம்மா தன் நிகழ்ச்சி முழுவதையும் அவருக்கே கொடுத்தார். அன்றைக்கு அவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, தேனி குஞ்சரம்மாள், கிடாக்குழி மாரியம்மாள், புரிசை கண்ணப்பத் தம்பிரான் என்று மக்கள் கலைஞர்கள் எல்லோருக்கும் ஊர்தான் முன்னால் வருகிறது. அறிவிப்பாளர் வாயிலிருந்து அந்த ஊர்ப்பெயர் திரும்பத் திரும்பக் காற்றில் போனதற்கும் அதில் ஒரு பங்குண்டு என்று அவர் உறுதியாக நம்புகிறார்.

ஒலிப்பதிவுக்கு ஆட்களை ஸ்டுடியோவுக்கு வரவழைக்கலாம். வண்டிச் செலவு கொடுத்தால் வருவார்கள். குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் பாடவும் செய்வார்கள். ஆனால் நடவுப் பாட்டு அங்கே நொண்டும். குனிந்து, நாற்றைப் பிரித்து, சேற்றில் ஊன்றி, ஓரடி பின்னால் வைக்கிற அந்த உடம்பசைவில்தான் பாட்டின் தாளம் இருக்கிறது. உட்கார்ந்து பாடினால் தாளத்துக்குப் பிடிமானம் இல்லாமல் வேகம் கூடும், அல்லது இழுபடும். பாடுகிறவருக்கே அது பிடிக்காமல் ‘இன்னாமோ வரலம்மா’ என்று நிறுத்திவிடுவார்.

அதனால் அவர் கழனிக்குப் போகிறார். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். ஏரியில் தண்ணீர் நின்ற ஆண்டில் மூன்றுக்கும் நடவு உண்டு. முன்பாட்டு பாடும் அம்மாளின் முந்தானை மடிப்பில் குட்டி மைக்கைச் செருகிவிட்டு, இன்னொன்றை வரப்பில் நட்டுவைக்கிறார். முந்தானை மைக்கில் பாட்டும் மூச்சும் வளையல் சத்தமும். வரப்பு மைக்கில் பின்பாட்டு, சேறு ‘களக் களக்’ என்று கால்களை விடுகிற ஓசை, தூரத்தில் பம்புசெட். பிற்பாடு இரண்டையும் கலக்கும்போது பம்புசெட்டை முழுக்க வடிகட்டுவதில்லை. பாட்டு எந்தக் காலத்தில் பாடப்பட்டது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி என்பது அவர் கட்சி. ஏற்றம் இறைத்தபோது ஏற்றப்பாட்டு இருந்தது. பம்புசெட் வந்தது, ஏற்றப்பாட்டு போனது. இப்போது நடவு எந்திரம் வந்துகொண்டிருக்கிறது. எந்திரம் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். நாளெல்லாம் குனிந்து நட்ட பெண்களின் இடுப்பு வலியை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். எந்திரம் வருவதற்குள் பாட்டைப் பதிந்துவிட வேண்டும் என்பதுதான் அவசரம்.

ஒப்பாரிக்கு வேறு முறை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது ஊர் வழக்கம். வீட்டுக்கு ஆகாது என்பார்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒப்பாரிக்குப் பெயர்போன ஒரு ஆயா இருந்தார். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு என்றாலும் ஆள் அனுப்பி அழைத்துப்போவார்கள். ரேடியோக்காரம்மா போய் நின்றதும் ஆயா கேட்ட முதல் கேள்வி, “யாருக்கும்மா பாடறது?” என்பதுதான்.

“யாருக்கும் இல்ல ஆயா. பாட்டைப் பதிஞ்சி வெச்சுக்கலாம்னு.”

“ஆளு இல்லாம எப்பிடிக் கண்ணு அழுவறது?”

கடைசியில் வீட்டைவிட்டு வெளியே, ஏரிக்கரைப் பனைமர நிழலில் உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போன தன் அம்மாவுக்காகப் பாடினார் ஆயா. பெற்றவள் பெருமை, பிறந்த வீட்டுச் சீர், அண்ணன் தம்பி வராத குறை, மாமியார் கொடுமை, ஏமாற்றிய மேஸ்திரி என்று போய்க்கொண்டே இருந்தது. பாதி பழைய வரிகள். மீதி அந்த நேரத்தில் கட்டியவை. எது எது என்று கேட்டுப் பிரிக்க முடியாத அளவுக்குத் தையல் தெரியாமல் சேர்ந்திருந்தது. இந்த ஒலிப்பதிவை அவர் வெட்டாமல் முழுசாகத்தான் போடுவார். ஒப்பாரியில் நடுவில் வருகிற விம்மலையும் மூக்கைச் சிந்துகிற சத்தத்தையும் நீக்கினால் பாட்டே கெட்டுவிடும். சாவு நிகழ்ந்த வீட்டில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், இன்றைக்கு ஒப்பாரி வரப்போகிறது என்று நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவார்.

கடற்கரை அவருக்குத் தனி உலகம். கோவளத்திலிருந்து பட்டிபுலம், தேவநேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் குப்பங்கள். கரையில் நின்று பெரியவலை இழுக்கிற காலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். நாகப்பட்டினம் பக்கமும் இலங்கைத் தமிழர் கடற்கரையிலும் இதை அம்பாப் பாட்டு என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் போட்டுகள் நிறைய வந்தன. கட்டுமரம் குறைந்தது, எஞ்சின் சத்தம் கூடியது. வலைத்தொழிலில் நரைத்த ஒரு பெரியவர் சொன்னதை அவர் நிகழ்ச்சியில் அப்படியே ஒலிபரப்பினார்: “பாட்டுக்கு ஆளு வேணும்மா. ரெண்டு பேரா போற போட்ல, எஞ்சின் போடற கூச்சல்ல, யாரு பாடி யாரு கேக்கறது?”

அந்தப் பெரியவரையும் அவருடைய கூட்டாளிகளையும் பாட வைக்க ஒரே வழி, பழைய வலையைக் கரையில் போட்டு உண்மையாகவே இழுப்பது. இழுத்தார்கள். கயிறு இறுகியதும் குரல் தானாகவே ஏறியது. கடற்காற்றில் பதிவது பெரும்பாடு. மைக்குக்கு மயிர்த்தொப்பி போட்டாலும் வாடைக்காற்று உள்ளே புகுந்து ‘பும் பும்’ என்று மோதும். அதனால் அவர் காற்றுக்கு முதுகு காட்டி, கரைக்கு ஏற்றிவைத்த படகின் மறைவில் மண்டியிட்டுக்கொண்டு மைக்கை நீட்டுவார். ஹெட்ஃபோனைக் கழற்றிப் பெரியவரிடம் கொடுத்தபோது அவர் தன் குரலைவிடக் கடல் சத்தத்தைத்தான் முதலில் கேட்டார். “அலை நல்லா வுழுந்திருக்கும்மா” என்றார்.

இந்த வேலையில் அவருக்கு முன்னோடிகள் எங்கோ வடகடல் பக்கம் கிடைத்தார்கள். 1958இலிருந்து பி.பி.சி.யில் சார்லஸ் பார்க்கர், ஈவன் மக்கால், பெகி சீகர் மூவரும் ‘ரேடியோ பாலட்ஸ்’ என்று ஒரு வரிசை செய்தார்கள். உழைக்கிற மக்களின் பேச்சை அவர்கள் குரலிலேயே பதிந்து, அதிலிருந்து பாட்டுக் கட்டி, இரண்டையும் பின்னிய நிகழ்ச்சிகள். அதற்கு முன் நடிகர்களை வைத்துத் தொழிலாளிகளைப் பேச வைப்பதுதான் வானொலி வழக்கமாக இருந்தது. மத்தி, அயிலை போலத் திரளாக வரும் ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்களைப் பற்றிய ‘சிங்கிங் தி ஃபிஷிங்’ 1960இல் இத்தாலிப் பரிசு வென்றது. அதில் கேட்கிற சாம் லார்னர், நார்ஃபோக் கடற்கரை வின்டர்டன் ஊர்க்காரர், 1878இல் பிறந்த மீனவர். கடலோடிய அனுபவத்தை அவர் சொன்ன சொற்களிலிருந்து மக்கால் கட்டிய பாட்டு ஒன்று பின்னால் மீனவர் மத்தியில் பரவி, காலம் காலமாக இருந்து வரும் நாட்டுப்பாட்டு என்றே பலர் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டு பெயரை உதிர்த்துக்கொண்டு ஓடுவது எல்லாக் கடற்கரையிலும் நடக்கிறது. அந்த நிகழ்ச்சியைப் புதிதாக வருகிற ஒவ்வொரு அறிவிப்பாளருக்கும் அவர் போட்டுக் காட்டுகிறார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பேச்சு எங்கே நின்று பாட்டு எங்கே எழுகிறது என்பது காதுக்குப் புரிந்துவிடும்.

மாசிமகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர்கள் வருவார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் கழி நட்டுப் புடைவையைச் சுற்றிக் குடில் போடுவார்கள். பௌர்ணமி இரவு கடந்து விடியும் நேரத்தில் கன்னியம்மனுக்குப் பூசை. மணலிலேயே படி கட்டி, பூவும் பழமும் விளக்கும் வைத்து, சாமி வந்தவர் குறி சொல்வார். பெண் பார்ப்பதும் கல்யாணமும் அங்கேயே நடக்கும். பாட்டும் ஆட்டமும் இரவு முழுக்க உண்டு. ஆண்டு முழுக்கச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் சிதறிக் கிடந்து உழைக்கிற மக்கள், சொந்தத்தைப் பார்த்துச் சேர்ந்து பாடுகிற இரவு அது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில்தான் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2023இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இந்த மாவட்டத்து இருளர்களே.

மாசிமகத்துக்கு இப்போது கேமராக்கள் நிறைய வருகின்றன. முகத்துக்கு நேரே விளக்கடித்துப் படம் எடுத்துக்கொண்டு, பெயர்கூடக் கேட்காமல் போகிறவர்களைப் பார்த்து அவர் கொதித்துப்போவார். அங்கே அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமி வந்து சொல்கிற குறியைப் பதிவதில்லை. அது அந்தக் குடும்பத்துக்கும் கன்னியம்மனுக்கும் நடுவில் நடக்கிற பேச்சு. வட்டமாக நின்று பாடுகிற பாட்டுக்கு மட்டும், வயதில் மூத்தவரிடம் கேட்டு, சரி என்றால் கருவியை எடுப்பார். எந்த ஊர் இருளர், பாடினது யார், யாரிடம் கற்றது என்பதை அங்கேயே பாடினவரின் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துகொள்வார்.

மாமல்லபுரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பம். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழாவும் அங்கே நடக்கிறது. அதே அர்ச்சுனன், தபசு செய்ய உயிரோடு மரமேறுகிற காட்சி செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் ஆண்டுதோறும் நடப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் போகும் விழா அது. தபசு நாளன்று அர்ச்சுனன் வேடக்காரர் உயர நட்ட மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சையும் பழமும் விபூதியும் எறிவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடைவையோடு கீழே நின்று ஏந்திப் பிடிப்பார்கள்.

ரேடியோவில் இதை எப்படிக் காட்டுவது? மரமேற ஏற வேடக்காரரின் குரல் மைக்கை விட்டு விலகிப் போகிறது. உடம்பில் மைக் கட்டலாம் என்று கூட இருந்த பையன் சொன்னான். வேண்டாம் என்றார். மரத்தடியில் ஒரே இடத்தில் மைக்கை வைத்தார். அடி மரத்தில் பக்கத்திலிருந்து கேட்ட குரல் மெல்ல மெல்ல உயரத்துக்குப் போய்ச் சன்னமாகி, அந்த இடத்தைக் கீழே நிற்கிற பெண்களின் முணுமுணுப்பும் குலவையும் நிரப்பியது. நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு மரத்தின் உயரம் காதாலேயே தெரிந்தது. அவருடைய ஒலிப்பதிவுகளில் அவருக்கே பெருமையான சில நிமிடங்கள் இவை.

கூத்து விடிய விடிய நடப்பது, நிகழ்ச்சி அரைமணி. எதை எடுப்பது என்பதைக் கூத்து வாத்தியார்களிடமே கேட்கிறார். பெரும்பாலும் அவர்கள் சொல்வது திரைக்குப் பின்னாலிருந்து வேடம் பாடிக்கொண்டே வெளிப்படுகிற கட்டத்தைத்தான். கட்டியங்காரன் கேள்வி கேட்க, முகவீணை பீறிட, ஆர்மோனியமும் மிருதங்கமும் டோலக்கும் சேர்ந்துகொள்ள, காலில் கட்டிய சலங்கையோடு துரியோதனன் இன்னான் என்று தெரிவதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைச் சுருக்கக்கூடாது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேடம் கட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆண்களின் கலையாகவே இருந்த ஒன்றில் பெண் குரலில் துரியோதனன் வருவதை முதலில் கேட்டபோது அவர் மெய்மறந்துபோனாராம். கேட்கிறவர்களுக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லாமல் ஒலிபரப்பிவிட்டு, முடிவில்தான் பெயரைச் சொன்னார். அன்றைக்கு மட்டும் தன் விதியைத் தளர்த்தினார்.

பறைக்கு வேறு பாடம். முதல் அடியே மீட்டரைச் சிவப்புக்குத் தள்ளிவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ எரித்து, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மந்தமாக இருந்த ஓசை ‘டண்’ என்று நிமிரும். அடித்துக்கொண்டே இருந்தால் தோல் தளர்ந்து ஓசை இறங்கும், மறுபடி தீ. இந்தக் காய்ச்சும் வேலையையும் அவர் ஒலிபரப்புகிறார். இடக்கையில் மெல்லிய சிம்புக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. எது எந்த ஓசை தருகிறது என்று அடிப்பவரையே தனித்தனியாகக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு முழு அடவுக்குப் போவார். சாவுக்கு அடிக்கிற மேளம் என்று ஒதுக்கிவைத்த கருவியை இன்று கல்லூரிப் பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவும் சென்னையின் புத்தர் கலைக்குழுவும் அதற்கு உழைத்தவர்கள். மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேடை கிடைத்தது நல்லது. ஆனால் சாவுக்கு அடிக்கச் சொல்லி இன்னமும் கட்டாயப்படுத்துகிற ஊர்கள் இருக்கும்வரை, ‘பாரம்பரியம் அழிகிறதே’ என்று மைக்கில் புலம்ப அவருக்கு மனம் வராது. அடிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமையையும் சேர்த்துத்தான் அவர் பேசுவார்.

அதனால்தான் புதிய பாட்டு அவருக்கு இவ்வளவு பிடிக்கிறது. இன்குலாப்பின் கவிதையை எடுத்து மேடைக்கு மேடை பாடிய கே.ஏ.குணசேகரனிடமிருந்து அவர் இந்தக் கோட்டைத் தொடங்குவார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பா.இரஞ்சித், டென்மா முயற்சியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த பாட்டு. பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம். ஆண்கள் ராஜ்யமான கானாவில் அந்தக் குழுவின் இசைவாணி தனித்து நின்றார், 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே 2020இலிருந்து மார்கழியில் மக்களிசையும் நடக்கிறது. சபாக்கள் களைகட்டுகிற மாதத்தில் ஒப்பாரியும் பறையும் கானாவும் மேடை ஏறின.

“நாட்டுப்புறப் பாட்டுன்னு சொல்லிட்டு இன்னாம்மா இந்தக் கூச்சலைப் போடறீங்க?” என்று ஒரு நேயர் கோபமாகக் கூப்பிட்டார். அவரை நேரலையிலேயே பேச வைத்தார். பேசப் பேச, தன் ஊரில் கிரிக்கெட் தோல்வி முதல் தேர்தல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பாட்டுக் கட்டுகிற பையன்கள் இருப்பதாக அவரே சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பையன்களைத் தேடிக்கொண்டு போனார் ரேடியோக்காரம்மா. தாளத்துக்குச் செல்போன், இடையிடையே பிளாஸ்டிக் குடம். ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி அவர்கள் பாடிய கானா இன்றைக்கும் நேயர் விருப்பத்தில் வருகிறது.

2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தபோது எல்லா நிலையங்களும் அதைத்தான் போட்டன. தீ, அறிவு பாடிய பாட்டு. இசை சந்தோஷ் நாராயணன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய கதை அதற்குள் இருக்கிறது. மறு ஆண்டு ஜூலை 28 அன்று சென்னையில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. ஆட்டங்கள் நடந்தது மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில். தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டில் தன் பங்கு என்ன என்று அறிவு பொதுவெளியில் எழுத, தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் விளக்கத்தைத் தந்தார்கள். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல ரேடியோக்காரம்மா முயலவில்லை. உலகமெல்லாம் கேட்ட ஒரு பாட்டிலேயே யார் பெயர் எங்கே வரும் என்று இவ்வளவு பேச்சு எழுகிறது என்றால், மதுராந்தகத்துக் கழனியில் பாடுகிறவருக்காக யார் பேசுவார்கள் என்பதுதான் அவர் கவலை. அந்த வாரம் பாட்டைப் போட்டபோது எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள், மேடையில் பாடிய மாரியம்மாள், கதைக்குரிய வள்ளியம்மாள் என்று அத்தனை பெயரையும் சொன்னார். பெயர்கள் சொல்லி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

அவருடைய பதிவேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. பெயர், ஊர், தேதி, வேலை, ஒப்புதல் கையெழுத்து அல்லது கைநாட்டு. கடைசியாக ‘கற்றுக்கொடுத்தவர்’ என்று ஒரு கட்டம். முதலில் பலரும் ‘சும்மா கேட்டதுதான்’ என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால், அத்தை, நாத்தனார், கூட நட்ட பக்கத்து வீட்டுக்காரி, செங்கல் சூளையில் கூட இருந்த கிழவி என்று ஆட்கள் வருவார்கள். அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுகிறார். அந்தக் கட்டம் சில பக்கங்களில் ஓரத்துக்கு வழிந்து பின்பக்கமும் போயிருக்கிறது. ஒலிபரப்பு முடிந்ததும் பாட்டின் நகல் பாடினவர் வீட்டுக்குப் போய்விடும், பிள்ளைகளின் செல்போனிலோ மெமரி கார்டிலோ. அந்த ஏரிக்கரை ஆயா இறந்தபோது அவருக்கு ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் முதலில் ஆயா குரலையே போட்டுக் கேட்டுவிட்டு, அதிலிருந்து அடியெடுத்துப் பாடியதாக மகள் சொன்னார். அந்தப் பாட்டின் பக்கத்தில் ரேடியோக்காரம்மா ‘கற்றுக்கொண்டவர்கள்’ என்று ஒரு புதுக் கட்டம் போட்டு அந்தப் பெண்களின் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தார்.

ஆடி நெருங்குகிறது. கூழ் வார்க்கிற ஊர்களில் பம்பை, உடுக்கைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. திருவிழா அன்றைக்குக் கோயில் ஒலிபெருக்கி எதையும் பதிய விடாது. ஆகவே அம்மனை வர்ணிக்கிற பாட்டை முந்தின நாளே, பம்பைக்காரர் வீட்டு வாசலில் பதிவதாக ஏற்பாடு. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியப்பா இன்னும் செய்யூர் பக்கத்தில் இருக்கிறாராம், காது மந்தமாம். முதலில் அவரிடம் போய்விட்டு வரலாம் என்று பையனை வண்டியில் பெட்ரோல் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.